எட்டரை மணித் தண்ணீர்

எட்டரைக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. அண்ணாச்சி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லை வாசலில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விக்கிரமசிங்கபுரத்தில் ராத்திரி பூராவும் பெய்த மழை விடியும் நேரத்தில்தான் ஓய்ந்திருந்தது. முருங்கை மரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மரத்துக்கு எட்டாத தூரத்தில், வெட்டவெளியில், சிமென்ட் திண்டின் மேல் அவருடைய மழைமானி. "மரம் பத்தடின்னா இது இருபதடி தள்ளி இருக்கணும். இல்லேன்னா மரத்துல சொட்டுறத எல்லாம் மழைன்னு எழுதிக்கிட்டுக் கெடக்கணும்" என்றார்.

மாஞ்சோலை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பல வேலைகளில் ஒன்று, தினமும் மழை அளந்து நோட்டில் எழுதுவது. ஓய்வு பெற்றுக் கீழே இறங்கிய பிறகும் அது விடவில்லை. சொந்தக் காசில் ஒரு மானி வாங்கி நட்டுவிட்டார்.

எட்டரை ஆனதும் குனிந்து மேல் புனலைக் கழற்றினார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதில் கலங்கலில்லாத தண்ணீர். கண்ணாடி அளவுக்குவளையில் ஊற்றி, குவளையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினார். தண்ணீர் விளிம்பில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும். விளிம்பைப் படித்தால் கணக்கு கூடிவிடும். ஒரு குவளை, இரண்டு குவளை, மூன்றாவதில் பாதிக்கு மேல். ஒவ்வொன்றையும் ஊற்றியவுடன் சட்டைப்பையில் இருந்த துண்டுச் சீட்டில் குறித்தார், மனக்கணக்கு போடவில்லை. கடைசியில் கூட்டிப் பார்த்தால் 54.6 மில்லிமீட்டர். "ரெண்டு இஞ்ச், பதினஞ்சு செண்ட்" என்று முணுமுணுத்துக்கொண்டார். மலைத் தோட்டங்களில் மழைக்கு இஞ்சும் செண்டும்தான் பேச்சு. ஒரு இஞ்சுக்கு நூறு செண்ட். மில்லிமீட்டர் நோட்டுக்கு, இஞ்ச் வாய்க்கு.

இந்த எட்டரை மணி ஒரு தோட்டத்து வழக்கம் அல்ல. இந்தியா முழுக்க மழைக் கணக்கின் நாள் காலை 8:30க்குத்தான் பிறந்து முடிகிறது. நேற்றுக் காலை எட்டரை முதல் இன்று காலை எட்டரை வரை பெய்தது இன்றைய தேதியில் ஏறும். அதனால்தான் 2023 டிசம்பர் 17 பகலும் இரவும் பெய்த மழையை ஆவணங்களில் 18ஆம் தேதிக்குக் கீழே தேட வேண்டியிருக்கிறது.

அந்த மழைக்கு வருவதற்கு முன்னால் பாட்டிலைப் பற்றி இன்னும் கொஞ்சம். நம் நாட்டில் புழங்கும் சாதாரண மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர், அல்லது அதில் பாதி. வாய் 200 என்றால் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 20 மில்லி லிட்டர் தண்ணீர் விழும். நாலு லிட்டர் பாட்டில் 200 மில்லிமீட்டரில் நிறைந்துவிடும். சமவெளியில் வருஷத்துக்கு ஒருமுறைகூட அது நிறையாது. மாஞ்சோலை மலையில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி போன்ற இடங்களில் ஐப்பசி கார்த்திகையில் ஒரே ராத்திரியில் நிறையும். நிறைந்தது வழிந்து வெளிக்கூட்டுக்குள் நிற்கும், அதையும் அளந்துவிடலாம். கூடும் நிறைந்தால்? வழிந்து மண்ணில் போன மழை எந்தக் கணக்கிலும் சேராது.

"அப்ப என்ன செய்விய?" என்று கேட்டேன்.

"என்ன செய்ய? எந்திரிச்சுப் போக வேண்டியதாம். சாக்கத் தலையில போட்டுக்கிட்டு, டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு. ராத்திரி ஒம்பதுக்கு ஒருக்கா, ஒரு மணிக்கு ஒருக்கா, நாலுக்கு ஒருக்கா. ஊத்தி அளந்து எழுதிட்டு மறுபடியும் பாட்டிலை வைக்கணும். அந்த அரை நிமிஷத்துல பெய்யிறத பிடிக்க முடியாது, அது ஒண்ணுதாம் குறை. அட்ட வேற, காலு பூரா ஏறிக்கிடும்."

1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தபோது காக்காச்சியில் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர் பதிவானது. முப்பத்தெட்டு இஞ்ச். நாலு லிட்டர் பாட்டிலாக இருந்திருந்தால் நாலு தடவை நிறைந்து ஐந்தாவதும் விளிம்புக்கு வந்திருக்கும். 965 என்ற எண் நமக்குக் கிடைத்திருக்கிறது என்றால், அந்த இருட்டில் யாரோ ஒருவர் திரும்பத் திரும்ப வெளியே போயிருக்கிறார் என்று அர்த்தம். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நெல்லைச் சீமைக்கு மழை புதிதல்ல. காயப்போட்ட நெல் நனையாமல் இறைவன் வேலியிட்டுக் காத்ததால் நெல்வேலி என்பது ஊர்ப் பெயருக்குச் சொல்லும் கதை. ஆற்றங்கரைக்காரர்கள் வெள்ளத்தைக் கணிப்பதற்கு ஒரே பாடம்தான் வைத்திருந்தார்கள்: மேற்கே பார். பொதிகை கறுத்தால், அகத்தியர் மலைப் பக்கம் நாள் முழுக்க மூடிக்கிடந்தால், ஆற்றில் தண்ணீர் வரும். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் ஏறினால் உற்சவரைக் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சாமி கிளம்பிவிட்டது என்ற செய்தியே திருநெல்வேலியில் பாதிப் பேருக்கு அபாயச் சங்கு.

மறுநாள் அணைக்கட்டு ஒன்றில் நான் சந்தித்த லஸ்கரும் அதே பாடத்தில் வளர்ந்தவர். அரசுக் காகிதத்தில் இப்போது பாசன உதவியாளர் என்று போடுகிறார்களாம். ஊரில் அவர் லஸ்கர்தான். சுவரில் அடி அடியாக வெள்ளை எண் எழுதிய அளவுகோலைப் பார்த்துச் சொல்வதும், ஷட்டரைத் திறந்து மூடுவதும், கிரீஸ் வைப்பதும், காலையில் மழைமானியைப் பார்ப்பதும் அவர் வேலை. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று முழுக் கொள்ளளவு உயரங்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்.

"நாங்க மேக்கதாம் பாத்துக்கிட்டு நின்னோம். மழை கெழக்க இருந்து வந்துட்டு" என்றார் 2023 டிசம்பரைப் பற்றி. இதைவிடச் சுருக்கமாக அந்த நாளை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

குமரிக்கடல் மேல் நின்ற காற்றுச் சுழற்சி நகராமல் ஈரக்காற்றைக் கிழக்கிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. மலையிலும் பெய்தது: மாஞ்சோலையில் 55 சென்டிமீட்டர். ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் 62, திருச்செந்தூரில் 69, காயல்பட்டினத்தில் 95. காயல்பட்டினம் கடலோர ஊர், மழையைப் பிடித்து நிறுத்த அங்கே ஒரு குன்றுகூடக் கிடையாது. தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதை விட அதிகம் அங்கே ஒரே நாளில் விழுந்தது. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஒரு கோடி லிட்டர், பெருக்கிப் பாருங்கள். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு தண்ணீருக்கு நடுவில் நின்றது. மேலே மலைத் தண்ணீர், கீழே ஊர்த் தண்ணீர், நடுவில் உடைந்த குளங்களின் தண்ணீர். ஆற்றின் எட்டாவது, கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதற்குக் கீழே ஏரல், ஆத்தூர், புன்னைக்காயல் என்று வெள்ளம் மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கடலில் போட்டது.

ஏரலுக்குப் பக்கத்தில் வாழை போட்டிருக்கும் ஒருவர் தோட்டத்து மூலையில் நின்ற நீல டிரம்மைக் காட்டினார். மருந்து கலக்க வைத்திருந்தது. அன்றைக்குக் காலியாக, வெட்டவெளியில், மூடியில்லாமல் நின்றிருக்கிறது. "கிட்டத்தட்ட மூணடி உயரம். விடியும்போது தளும்பிக்கிட்டு நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல டிரம்மே மிதந்து போயிட்டு, அப்புறம் வேலியில கெடந்து எடுத்தோம்." வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கும் எந்தப் பாத்திரமும் மழைமானிதான்; அதில் நிற்கும் தண்ணீரின் உயரமே மழை. அவர் அதைப் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல. அந்த டிரம்மைப் பார்த்த பிறகு காயல்பட்டினத்தின் 95ஐ நம்ப எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வானிலைத் துறையின் கணக்கில் 204.5 மில்லிமீட்டரில் தொடங்கும் எதுவும் 'அதி கனமழை'. அதற்கு மேல் வேறு பெயர் இல்லை. 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் அதே சொல், அதே சிவப்பு. டிசம்பர் 17 அன்று சிவப்பு எச்சரிக்கை இருந்தது உண்மை. ஆனால் சிவப்பைக் கேட்ட ஆள் மாடியில் காயப்போட்ட துணியை எடுப்பதா, மாட்டை அவிழ்த்துவிட்டு ஊரைக் காலி செய்வதா? அந்தச் சொல் அதைச் சொல்லவில்லை. முன்கூட்டியே 95 என்று கணிப்பது பெரும்பாடுதான், மறுக்கவில்லை. பெய்யத் தொடங்கியபின் மணிக்கு மணி எவ்வளவு விழுகிறது என்று தெரிந்தாலே போதும். ராத்திரி பத்து மணிக்கு முப்பதைத் தாண்டிவிட்டது என்ற செய்தி ஏரல் கடைத்தெருவுக்கு வந்திருந்தால் பலசரக்கையாவது மாடியில் ஏற்றியிருப்பார்கள்.

அதற்குத்தான் தானியங்கி மானிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, வேண்டும். உள்ளே சின்னத் துலாக்கரண்டி ஒன்று. ஒரு பக்கம் நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், மறுபக்கம் நிறையும். சாய்வுகளை எண்ணினால் மழை. பேய்மழையில் சாய்கிற அந்த நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் தவறும், அதனால் குறைத்துக் காட்டும். புனலில் ஓர் இலை அடைத்தால் மழையே இல்லை என்று சத்தியம் செய்யும். ராடாரோ, தும்பாவில் இருப்பதற்கும் நமக்கும் நடுவில் மலைத்தொடர். அதன் கதிரில் தாழ்ந்த பகுதியை மலை மறித்துக்கொள்ளும். இதெல்லாம் கருவிகளின் குற்றமல்ல. பக்கத்தில் ஒரு மனிதர் பாட்டிலோடு நின்றால் இரண்டும் சேர்ந்து சரியாகும், அவ்வளவுதான்.

மின்னலைப் பற்றிக் கேட்கத்தான் உண்மையில் நான் கிளம்பினேன். மழை என்னை இழுத்துக்கொண்டது. லஸ்கரோடு அணைக்கரையில் நின்றபோது மாலை நாலு மணி இருக்கும். மேற்கே ஒரு கொடி மின்னல் மலை முகட்டிலிருந்து பக்கவாட்டில் ஓடியது. நான் குடையை விரித்துக்கொண்டு போனில் படம் எடுக்க முயன்றேன். "குடைய மடக்குங்க!" என்று ஒரு அதட்டல். அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பதினைந்தில் இடி கேட்டது. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் ஐந்து கிலோமீட்டர். அடுத்த இடி ஒன்பதிலேயே கேட்டது. படத்தை மறந்துவிட்டு இருவரும் ஷட்டர் அறைக்குள் ஓடினோம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி அவர் போனில் இருந்தது. நாங்கள் உள்ளே வந்த பிறகுதான் அது சத்தம் போட்டது. சிக்னல் கிடைக்காத இடத்தில் அதைக் குறை சொல்ல முடியாது.

அண்ணாச்சியின் நோட்டில் மின்னலுக்குத் தனிப் பத்தி உண்டு. ஆனி ஆடிச் சாரலில் அது பெரும்பாலும் காலி. "சாரலு நாள்கணக்குல பெய்யும், இடிக்காது. சித்திரை மழைக்கும் ஐப்பசி மழைக்கும்தாம் இடி." காரணம் மேகத்தின் உயரத்தில் இருக்கிறது. மேகம் உறைநிலைக்கு மேலே நன்றாக ஏறி, உள்ளே பனித்துகள்களும் ஆலங்கட்டிக் குருணைகளும் ஒன்றோடொன்று மோதினால்தான் மின்னேற்றம் பிரியும். சாரல் மேகம் மலையில் முட்டித் தாழ்வாகவே பெய்து தீர்ந்துவிடும். ஆகவே இடியில்லாத மழை அபாயமில்லாத மழை என்று நினைப்பது தப்புக் கணக்கு. மின்னாமல் கொள்ளாமல் நின்று பெய்யும் மழைதான் பல நேரம் பாட்டிலை நிறைக்கிறது.

மலையில் இடி மாலையில் கட்டும், கடல்மேல் ராத்திரியிலும் விடியற்காலையிலும். இந்த நேர ஒழுங்கு தவறினால் அண்ணாச்சி தேதிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவார். காலை ஏழு மணிக்கு மலையில் மின்னினால் ஒன்று, சாரல் மாதத்தில் இடித்தால் ஒன்று. அந்த நட்சத்திரங்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. படிச்சவிய பாக்கட்டும். வழக்கத்துக்கு மாறா இருந்துச்சு, குறிச்சு வச்சேன்." கீழ்த்திசையில், தேரிக்காட்டுப் பக்கம் போகும் வழியில், தலையில்லாத பனைகள் நிற்கும், இடி வாங்கியவை. எந்தத் தேதியில் எந்தப் பனை என்று அங்கே யாரும் குறித்து வைக்கவில்லை.

மலையில் இப்போது ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து தோட்டக் கம்பெனி 1929இல் எடுத்த 99 வருஷக் குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024 ஜூனில், தோட்ட வேலை நின்று தொழிலாளர்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். காடு திரும்ப வளரும், நல்லதுதான். அந்த மக்களுக்கு நடந்தது நல்லதா என்பது வேறு விவகாரம், அதை இங்கே இரண்டு வரியில் எழுதித் தீர்க்க எனக்கு விருப்பமில்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். ஆபீஸ் பதிவேட்டில் எழுதிய கையோடு தனக்கென்று ஒரு பிரதியும் எழுதி வைத்திருக்கிறார். பத்தொன்பது நோட்டுகள், சிலது கறையான் தின்றது. பெய்யாத நாளுக்கும் 0.0 என்று எழுதியிருந்தது. "எழுதாம விட்டா, பெய்யலையா, நீ பாக்கலையான்னு கேப்பாங்கள்லா?" நான் இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று நோட்டுகளைப் படம் எடுத்தேன். மீதி அவரிடமே இருக்கிறது.

மாஞ்சோலையிலோ, வால்பாறையிலோ, நீலகிரியிலோ வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் பரணைப் பாருங்கள். தேதியும் இஞ்சும் செண்டுமாக எழுதிய நோட்டுக் கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.