ஒரு சர்வரும் இருபது மேஜைகளும்

தமிழில் 'சர்வர்' என்ற சொல்லுக்கு வெகுகாலமாக ஒரே அர்த்தம்தான் இருந்தது. தோளில் துண்டு, கையில் நான்கு டம்ளர், இட்டிலி வடையில் ஆரம்பித்து ரவா தோசை வரையில் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற வாய், இத்தனையும் கொண்ட ஹோட்டல் மனிதரைத்தான் அது குறித்தது. இப்போது அதே சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் வந்துவிட்டது. எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் இரவு பகல் விழித்திருந்து, நாம் கேட்கிற கடிதத்தையும் படத்தையும் பாங்கிக் கணக்கையும் எடுத்து நீட்டுகிற கம்ப்யூட்டருக்கும் சர்வர் என்றுதான் பெயர். இரண்டு பேருக்கும் ஒற்றுமை பெயரோடு நிற்கவில்லை, தொழிலின் சிரமமும் ஒன்றேதான் என்பதைக் குற்றாலத்தில் ஒரு சீஸன் நாளில் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அதைச் சொன்னவன் என் அண்ணன் மகன். சென்னையில் சில வருஷம் இருந்துவிட்டு, இப்போது தென்காசிப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். வயலும் வாய்க்காலுமான ஊரில் இந்த வேலையா என்று இன்னும் சிலர் சந்தேகப்படுகிறார்கள். 2011-இல் ஸோஹோ நிறுவனம் தென்காசிக்கு வந்து, பிறகு மத்தளம்பாறையில் நிலைகொண்டதிலிருந்து இந்த வட்டாரத்தில் அது அதிசயமில்லை.

பேரருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையும் அருவிக் குளியலுக்கே உரிய அசுரப் பசியுமாக ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தோம். இருபது மேஜைகள். அத்தனைக்கும் ஒரே சர்வர். ஆனால் அந்த மனிதர் ஓடவில்லை, பதறவில்லை. யாரையும் காத்திருக்க வைத்ததாகவும் தெரியவில்லை.

"இவரை நல்லாப் பாத்துக்கோங்க, சித்தப்பா. நான் நாள் பூரா எழுதுறது இவரைப் பத்தித்தான்" என்றான் பையன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம் சொன்னான். தென்காசிக் கோயில் வாசலில் காற்று நம்மைப் பின்னுக்குத் தள்ளும். அங்கே செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். செருப்பு அவர்களிடம், எண் நம்மிடம். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். ஒரு புரோகிராம் ஒரு கோப்பைத் திறந்தாலும், தூரத்து ஊரிலிருந்து ஒருவர் அதனுடன் தொடர்பு கொண்டாலும், கெர்னல் என்கிற மேலதிகாரி சரக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஒரு எண்ணை மட்டும் கொடுப்பார். சாதாரணமாகப் பூஜ்யம், ஒன்று, இரண்டு மூன்றும் ஆரம்பத்திலேயே உபயோகத்துக்குப் போய்விடும். மூன்றிலிருந்து புது ஆட்கள். பெரிய சர்வரிடம் இப்படிப் பல ஆயிரம் எண்கள் இருக்கும். இவற்றில் எது இப்போது பேசுகிறது, எது பதிலை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவன் தொழிலின் பெரிய கேள்வி.

ஹோட்டல்காரருக்கும் அதே கேள்விதானே? மேஜைக்கு ஓர் ஆள் வைக்கலாம். ராஜோபசாரம்தான். ஆனால் இருபது சம்பளம் ஆகும். அடுக்களை வாசலில் இருபது பேரும் முட்டிக்கொள்வார்கள். பழைய சர்வர் புரோகிராம்கள் பல இப்படித்தான் ஆளுக்கு ஆள் வைத்துப் பார்த்தன. ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்ததும், ஒருவரை உட்காரவைத்து இன்னொருவரை எழுப்புவதிலேயே கம்ப்யூட்டரின் பொழுது கழிந்துவிட்டது. சரி, ஒரே ஆள் போதும் என்றால், அவர் முதல் மேஜையில் போய் நின்று அங்கிருப்பவர் வாய் திறக்கிற வரையில் அசையாதிருந்தால் மற்றப் பத்தொன்பது மேஜைகளும் பட்டினி. நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்து "என்ன வேணும், என்ன வேணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தாலோ, மாலைக்குள் அவருக்குக் கால் போய்விடும். சாப்பிடுகிறவர்களுக்கு உயிர் போய்விடும்.

இதற்கு 1983-இல் பெர்க்லி சர்வகலாசாலையின் யூனிக்ஸ் ஒரு வழி செய்தது. 'செலக்ட்' என்று பெயர். சர்வர் இருபது மேஜைகளின் பட்டியலைக் கல்லாவில் இருக்கிற முதலாளியிடம் நீட்டிவிட்டுக் கண்ணயரலாம். யாராவது கூப்பிட்டதும் முதலாளி அவரை எழுப்பி, கூப்பிட்ட மேஜைகளில் ஒரு குறி போட்டுப் பட்டியலைத் திருப்பித் தருவார். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் நீட்ட வேண்டும், முதலாளி முழுவதையும் பார்க்க வேண்டும், வாங்கிக்கொண்ட சர்வரும் குறி எங்கே என்று முழுவதையும் தேட வேண்டும். அத்துடன், பட்டியலில் வழக்கமாக 1024 பேருக்குத்தான் இடம். சில வருஷங்களில் 'போல்' என்று இன்னொன்று வந்து அந்த 1024 என்கிற வேலியை எடுத்தது. பட்டியலைச் சுமக்கிற வேலை மட்டும் போகவில்லை.

1999-இல் டான் கெகல் என்ற அமெரிக்கர், ஒரே கம்ப்யூட்டர் பத்தாயிரம் பேரை ஒரே சமயத்தில் கவனிக்க முடியாதா என்ற கேள்வியை எல்லோர் முன்னும் வைத்தார். லினக்ஸில் அதற்கு விடையாக 2002-இல் தவிதே லிபென்சி எழுதிச் சேர்த்தது 'ஈபோல்'.

"ஈ போலவா? மேஜைக்கு மேஜை மொய்க்குமோ?" என்றேன்.

"மொய்க்கவே மொய்க்காது, சித்தப்பா. அதுதான் அதில விசேஷம்" என்று சிரித்தான்.

மேஜையின் எண்ணை ஒரே ஒரு தடவை முதலாளியிடம் எழுதி வைத்துவிட வேண்டியது. பட்டியல் அவரிடமே இருக்கும். எந்த மேஜையில் மணி அடித்தாலும் அவர் ஒரு சீட்டை எடுத்துத் தனியாக வைப்பார். சர்வர் வந்து சீட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். பத்தாயிரம் மேஜைகளில் மூன்று பேர் கூப்பிட்டால் மூன்று சீட்டுக்கு உள்ள வேலைதான். சும்மா இருக்கிற மற்றவர்களுக்காக ஓர் அடிகூட நடக்க வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸில் 2000-த்திலேயே இதற்கு ஓர் உடன்பிறப்பு இருந்தது. 2012-இல் வாட்ஸப் நிறுவனம் அந்த ஃப்ரீபிஎஸ்டியில் ஒரே இயந்திரத்தைக் கொண்டு 20 லட்சம் தொடர்புகளைத் தாங்கிக் காட்டியது.

இவ்வளவு கேட்டதும் எனக்கு உற்சாகமாக இருந்தது. உலகத்தையே இப்படி நடத்தலாமே என்று தோன்றியது. கூப்பிடுகிறவர்களுக்குச் செய், கூப்பிடாதவர்களைத் தொந்தரவு பண்ணாதே. இதைவிட நாகரிகமான கொள்கை உண்டா?

"அப்படி முடிச்சிராதீங்க. அதில ரெண்டு ஆபத்து இருக்கு" என்றான் பையன்.

முதல் ஆபத்து, பட்டியலில் எழுதாத மேஜை. அங்கே இருப்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் சீட்டு வராது. அவன் இதைச் சொன்னபோது எனக்குப் பழைய குற்றாலம் ஞாபகம் வந்தது. 2024 மே 17 அன்று அங்கே திடீரென்று வெள்ளம் இறங்கி, குளித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸார் குளிக்க விடுவதில்லை. அருவியின் முகத்தைப் பார்த்துச் செய்கிற நல்ல காவல் அது. ஆனால் மழை பெய்வது மேலே, காட்டுக்குள், நம் கண் எட்டாத இடத்தில். அருவியை மட்டும் பட்டியலில் எழுதிக்கொண்டவனுக்கு மலையின் சேதி, தண்ணீர் தலைக்கு மேல் வரும்போதுதான் வரும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் சூட்சுமமானது. மறுமுனையில் இருப்பவர் முறையாக விடைபெற்றுப் போனால் கெர்னலுக்குத் தெரிந்துவிடும், சீட்டு வரும். ஆனால் அங்கே மின்சாரம் போயிற்று, கம்பி அறுந்தது என்றால், போகிறேன் என்று சொல்ல அவருக்கு அவகாசம் இல்லை. இங்கே அவர் எண் பட்டியலில் அப்படியே இருக்கும். ஈபோல் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சொல்ல ஒன்றும் நடக்கவில்லையே! சௌக்கியமாகச் சும்மா இருப்பவரும், இல்லாமலே போய்விட்டவரும் அதற்கு ஒன்றுதான்.

"அப்போ என்ன செய்வே?"

"கடிகாரம் வைப்போம். இத்தனை நேரம் சத்தமில்லைன்னா நாமளே ஒரு வெறுஞ் சேதி அனுப்பணும். அதில விஷயம் ஒண்ணும் இருக்காது. 'இருக்கியா?'ன்னு கேக்கிற மாதிரி. 'இருக்கேன்'னு பதில் வந்தாப் போதும்."

லினக்ஸில் இந்த விசாரிப்பைத் தொடங்க வழக்கமாக வைத்திருக்கிற கெடு 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம். பல இடங்களில் அதற்குள் காரியம் கெட்டுவிடும் என்று எழுதுகிறவர்கள் அதைக் குறைத்துக்கொள்வார்களாம்.

அவன் ஏன் சென்னையை விட்டு வந்தான் என்று குடும்பத்தில் பலரும் பல காரணம் சொல்கிறார்கள். நான் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. அண்ணா போன பிறகு அண்ணி தென்காசி வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். அவள் எதற்கும் யாரையும் கூப்பிடுகிற சுபாவம் இல்லாதவள். "ஏதாவதுன்னா நானே போன் பண்ணுவேன், நீ உன் வேலையைப் பாரு" என்று மகனிடம் சொல்லி வைத்திருந்தாள். ஒரு வருஷம் விஷ ஜுரத்தில் நான்கு நாள் கிடந்தபோதுகூட அவள் போன் பண்ணவில்லை. சென்னையில் இருந்தவன், அம்மா சௌக்கியமாக இருக்கிறாள் என்றுதான் அந்த நான்கு நாளும் நினைத்திருந்தான்.

அன்று இரவு சாப்பாடு பரிமாறும்போது அண்ணி என்னிடம் ஒரு புகார் சொன்னாள்.

"இவன் பண்ணுற கூத்தைக் கேளுங்க, தம்பி. ஆபீஸ் இங்கேதான் இருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்திருதான். அப்படியும் தினம் மத்தியானம் ரெண்டு மணிக்குப் போன் பண்ணி, 'என்னம்மா?'ங்கான். 'ஒண்ணுமில்லடா'ன்னா வச்சிருதான். ஒரு விஷயமும் கிடையாது. எதுக்கு இந்தத் தண்டச் செலவு?"

பையன் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைப் பிசைந்தான். மறுநாள் மத்தியானம் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில், கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணி பாதியில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்து, போன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.