உடல் அசையட்டும், உள்ளம் மகிழட்டும்

உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு என்னும் பாகுபாட்டை நம் முன்னோர் அறியார். வடமதுரையில் நம் பாட்டிமார் கிணற்றில் நீர் இறைத்தனர். உரலில் கம்பு இடித்தனர். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தனர். இன்று குழாயில் நீர் வருகிறது. மாவரைக்கக் கிரைண்டர் இருக்கிறது. நூற்பாலைக்குச் செல்லும் பெண்களை வேன் வந்து ஏற்றிச் செல்கிறது. இவை தீமையல்ல. உலக்கை பெண்ணின் இடுப்பை ஒடித்த கதையை மறந்துவிட்டு, அந்தக் காலமே பொற்காலம் என்று புகழ நாம் ஒருப்படோம். ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது: கழிந்துபோன அந்த உழைப்பின் இடத்தில் நாம் எதை வைத்தோம்?

பெரும்பாலும் எதையும் வைக்கவில்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. அதன்படி நூற்றுக்கு 54 பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் விரும்பி உடலை இயக்குவோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

அசைவின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர் ஜெரமி மோரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர். லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணிபுரிந்தோரை ஆராய்ந்து 1953இல் அவர் எழுதினார். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ ஓயாமல் படியேறி இறங்கினார். இதயநோய் நடத்துநரிடையே குறைவாகவே காணப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நடத்துநர் உடற்பயிற்சி என்று தனியே எதையும் செய்யவில்லை. தம் வேலையைத்தான் செய்தார். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் வேண்டும் என்று 2020இல் வரையறுத்த உலக சுகாதார நிறுவனமும், சின்னஞ்சிறு அசைவும் கணக்கில் சேரும் என்றே கூறுகிறது.

இத்தனையும் அறிந்தபின் ஏன் நாம் அசைவதில்லை? நம் தமக்கையாருக்குச் சர்க்கரை நோய் கண்டபோது, நாள்தோறும் அரைமணி நேரம் நடக்குமாறு மருத்துவர் சொன்னார். அவரும் நடந்தார், பத்து நாள். நான்குவழிச் சாலையில் லாரிகள் பறந்தன. தெருவில் நடந்தாலோ, "எங்கே அக்கா, வேலையில்லாமல் இப்படி?" என்ற கேள்வி திண்ணைதோறும் எழுந்தது. காரணமின்றி நடக்கும் பெண்ணை ஊர் ஒப்புவதில்லை. மருந்தாக விழுங்கிய நடை அதோடு நின்றது.

இதற்கு விடை நமக்கு அயலிலேயே, புதுக்கோட்டை மாவட்டத்தில், கிடைத்தது. அங்கே 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. வயல் வேலை செய்வோர், கல்குவாரித் தொழிலாளர், ஆசிரியைகள், முஸ்லிம் குடும்பத்து இளம்பெண்கள் எனப் பல்லாயிரவர் கற்றனர். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலி எழுப்பிப் புதுக்கோட்டை வீதிகளில் வலம் வந்தனர். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போகவே, ஆண்கள் சைக்கிளிலும் ஏறினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதுவே நல்லது என்றவர்களும் உண்டு! ஏச்சும் பேச்சும் எழாமல் இல்லை. ஆனால் தண்ணீர்க் குடமும் விளைபொருளும் சைக்கிளில் ஏறின. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிஞ்சியது. உடல்நலத்துக்காக அவர்கள் மிதிக்கவில்லை. சுதந்திரத்துக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் மிதித்தார்கள். நலம் தானே வந்து சேர்ந்தது.

இச்செய்தியை நம் தமக்கையாரிடம் ஒருநாள் சொன்னோம். அவர் பேத்தி பதினொன்றாம் வகுப்பு மாணவி. அரசு தந்த விலையில்லா மிதிவண்டி வாசலில் நின்றது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, 2005-06இல் விரிவாக்கப்பட்ட திட்டத்தின் பயன் அது. அஸர் தொழுகைக்குப் பின் ஊர்ப்புற மைதானத்தில் பேத்தி ஆசிரியையாகவும் பாட்டி மாணவியாகவும் ஆயினர். இருமுறை விழுந்தார், முழங்கை சிராய்த்தது, அவரே முதலில் சிரித்தார். இன்று கடைவீதிக்கும் மகள் வீட்டுக்கும் அவர் சைக்கிளில்தான் போகிறார். திண்ணைக் கேள்விக்கு இப்போது விடை உண்டு: "தக்காளி வாங்கப் போகிறேன்." சர்க்கரை அகன்றுவிட்டதென்று நாம் சொல்ல மாட்டோம், மாத்திரை தொடர்கிறது. ஆனால் பத்து நாளில் நின்ற முயற்சி இரண்டு ஆண்டாக நிற்கவில்லை.

எல்லோரும் மிதிவண்டி ஏற வேண்டுமென்பதன்று நம் கருத்து. ஒருவருக்குத் தோட்டவேலை இனிக்கும். ஒருவருக்குப் பேரனோடு பந்து விளையாடுவது. ஒருவருக்குத் தோழியோடு பேசியபடி நடப்பது. எதில் மனம் சிரிக்கிறதோ அதையே அன்றாடக் காரியம் ஒன்றோடு முடிந்துவிட வேண்டும். அப்போது நேரமில்லை என்னும் சாக்கும் எழாது.

ஆனால் பொறுப்பனைத்தையும் தனியொருவர் தலையில் சுமத்துவது நீதியாகாது. சென்னை ஆசியாட் காலனியில் குடியிருப்போர் தாமே முயன்று பூங்கா அமைத்தனர். அதன்பின், அங்கே வாரம் மும்முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் நூற்றுக்கு 14இலிருந்து 59 அளவுக்கு உயர்ந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. இடம் கிடைத்தால் கால்கள் தாமே எழும். வடமதுரையிலும் பள்ளி மைதானங்கள் மாலையில் திறந்திருக்கட்டும். பெண்களுக்கென ஒரு மணிநேரம் ஒதுக்கப்படட்டும். உள்தெருக்களில் விளக்கு எரியட்டும். பிளஸ் டூ முடிந்ததும் வீட்டு மூலையில் துருப்பிடிக்கும் அந்தச் சைக்கிளை எடுத்து, காற்றடித்து, தாயிடம் கொடுப்பது மகனின் கடமையாகட்டும். அவள் ஏறும்போது நகைக்காமல், பின்னால் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் ஓடுவோமாக. அந்த ஓட்டம் நமக்கும் நல்லது!