சூடு அறிந்த உடம்பு

சித்திரை வெயிலில், பேருந்து இன்ஜினை ஒட்டிய இருக்கையில் அரை நாள் உட்கார்ந்து வந்தவர், "உடம்பு சூடாயிடுச்சு" என்றால் நம்மூரில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கண் எரியும், நீர் கடுக்கும், உள்ளங்கால் காந்தும், மறுநாள் வாய்ப்புண் எட்டிப் பார்க்கும். தெர்மாமீட்டர் வைத்தால் 98.4 என்றுதான் காட்டும். காய்ச்சல் வேறு, சூடு வேறு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

இது பிறவியிலேயே வரும் அறிவு இல்லை. வீட்டில் பழக்கி வருவது. வெயிலில் ஆடிவிட்டு வந்தால் அம்மா என் கால் கட்டைவிரல் நகத்திலும் தொப்புளிலும் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பார். சற்று நேரம் கழித்து, "எரிச்சல் குறைஞ்சிருக்கா பாரு" என்பார். பதில் சொல்வதற்காகவே பிள்ளை தன் உடம்புக்குள் கவனத்தைத் திருப்பும். பப்பாளி சூடு, வெள்ளரி குளிர்ச்சி என்ற பேச்சும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அதே பாடத்தை வாரந்தோறும் நடத்தின. பசி, துடிப்பு, எரிச்சல் என்று உள்ளிருந்து வரும் செய்திகள் மூளையில் இன்சுலா என்னும் பகுதிக்குப் போய்ச் சேர்கின்றன. அவை எல்லாமே நம் நினைவுக்கு எட்டுவதில்லை. எதைக் கவனிக்கப் பழகினோமோ அதுவே முந்திக்கொள்கிறது.

சித்த மருத்துவர் நாடி பார்ப்பதில் இந்தப் பழக்கம் உச்சத்தைத் தொடுகிறது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மூன்று விரல்களை வைக்கிறார். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். பித்த நாடி ஆமையையும் அட்டையையும் போல நகரும், கப நாடி பாம்பையும் தவளையையும் போலச் செல்லும் என்று கற்பிப்பார்கள். பழகாத விரலுக்கு எல்லாம் ஒரே துடிப்புதான். பல ஆண்டுப் பயிற்சி இருந்தால்தான் நடை பிரிந்து தெரியும்.

உடம்பின் செய்திகளை இப்படிக் கவனிக்கப் பழகுவது நமக்கு மட்டும் உள்ள தனிச்சிறப்பும் இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதைப் பற்றி ஜப்பானியப் பெண்களிடம் விசாரித்து, மார்கரெட் லாக் என்ற மானிடவியலாளர் 1993-இல் ஒரு நூல் வெளியிட்டார். வட அமெரிக்கப் பெண்கள் திடீரென உடம்பு தகிப்பதை முதலில் சொல்ல, ஜப்பானியப் பெண்களோ தோள்பட்டை இறுக்கத்தையும் தலைவலியையும்தான் அதிகம் சொன்னார்கள். உணவும் உடலமைப்பும்கூட இதற்குக் காரணமாகலாம். ஆனால் எதைப் பொருட்படுத்துவது என்று சமூகம் கற்றுக்கொடுப்பதற்கும் இதில் பங்குண்டு.

அப்படியானால், நாம் கற்றுக்கொள்ளாமல் விட்டது என்ன என்றும் கேட்டாக வேண்டும். நெஞ்சை அழுத்தும் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை: இவை வரும்போது நம் வீடுகளில் முதலில் எழும் சொல் "வாய்வு". ஓமத் தண்ணீரும் சோடாவும் வருகின்றன. இதயத் தசையைக் காப்பாற்ற வேண்டிய நேரம் அதில் கரைகிறது. மாதவிடாயில் சுருண்டு படுக்கும் பெண்ணிடம் "எல்லாருக்கும் இருக்கறதுதான், பொறுத்துக்கோ" என்கிறோம். பல்லைக் கடிக்கப் பழகிய பெண், எந்த வலி வழக்கமானது, எது மருத்துவரிடம் போக வேண்டியது என்று பிரித்தறியும் வாய்ப்பையே இழக்கிறாள். உள்ளங்கால் காந்தலை அவ்வளவு நுட்பமாக அறியும் வீட்டில் இந்த இரண்டையும் கேட்க ஆளில்லை என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

உடம்பைக் கவனிக்கும் திறமை நம்மிடம் தாராளமாக இருக்கிறது. அதைக் கைவிடவும் வேண்டாம், மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் வேண்டாம். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்று மகளிடமும் கேட்போம், வயதான அப்பாவிடமும் கேட்போம். நெஞ்சுப் பாரத்தோடு வியர்த்தால் ஓமத்தைத் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதும் அந்த வீட்டுப் பாடத்தில் சேரட்டும்.