அம்மாவின் விரதமும் பினாங்குச் சந்தையும்

பினாங்கு என்றதும் நம்மில் பலருக்கு நாக்கில் ஊறுவது நாசி கண்டார், அசாம் லக்சா, சார் குவே தியாவ். சைவம் சாப்பிடுபவருக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. லக்சாவில் மீன். ரோஜாக்கின் கறுப்புக் குழம்பில் இறால் விழுது. வெறும் கங்கோங் கீரைப் பிரட்டலில்கூட, சின்ன இறாலை உப்பிட்டு நொதிக்கவைத்துக் காயவைத்த பெலாச்சான் ஒளிந்திருக்கும்.

லிட்டில் இந்தியாவில் நல்ல சைவ உணவகங்கள் உண்டு. ஆனால், வாழையிலையில் மலைபோல் குவியும் சோறும் உருளைக்கிழங்கும் பாயசமும் என் அம்மாவுக்கு ஆகாது. அவருக்கு இனிப்புநீர். 2023இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு அது உண்டு. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும்.

தைப்பூசத்துக்காக ஜார்ஜ்டவுனில் 5 நாள் தங்க, அடுப்படி உள்ள ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ஓர் அடுப்பு, ஒரு வாணலி, ஒரு சோற்றுக் குக்கர். அவ்வளவுதான். சிக்கல் பாத்திரத்தில் இல்லை, அம்மாவின் பிடிவாதத்தில் இருந்தது. அவர் வழக்கமாக ஒருவேளைதான் சாப்பிட்டு விரதம் இருப்பார். மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

“இத்தனை வருசம் முருகன் பார்த்துக்கலயா?” என்றார் அம்மா.

“இத்தனை வருசம் மாத்திரை இல்லையேம்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். சோறு ஒருவேளை மட்டும். மற்ற இரண்டு வேளையும் சோறில்லாத சாப்பாடு. விரதமும் நின்றது, மாத்திரையும் நின்றது.

காலையில் சவ்ராஸ்தா சந்தைக்குப் போனோம். பினாங்கு ரோட்டில் இருக்கும் பழைய சந்தை. ஜாதிக்காய் ஊறுகாய்க்குப் பெயர்போனது. சர்க்கரையில் ஊறிய அதைத் தாண்டி நடந்து, தௌகே, தெம்பே, தௌஃபூ, கங்கோங், தேங்காய் வாங்கினோம். சோயா விற்ற சீன ஆன்ட்டி, “பாவாங் போலே?” என்று மலாயில் கேட்டார். வெங்காயம் சேர்க்கலாமா என்று அர்த்தம். சீன பௌத்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. அவர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் 15ஆம் நாளும் சைவம். கணக்குப் பார்த்தால் அது நம் அமாவாசையும் பௌர்ணமியும்தான்! அம்மாவுக்கு அந்த ஆன்ட்டியை உடனே பிடித்துப்போயிற்று.

பெலாச்சான் இல்லாத சம்பலுக்கு அவர் சொன்ன யோசனை தௌச்சு, அதாவது நொதித்த சோயா பயறு. ஊறவைத்த காய்ந்த மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, புளிக்கரைசலும் ஒரு கரண்டி தௌச்சும் சேர்த்தேன். அதிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்புப் போடவில்லை. கடைசியில் பொரித்த தெம்பேவைப் போட்டுப் பிரட்டினால் சம்பல் தயார். தௌகேயைத் தேங்காய்ப்பூ தூவிப் பொரியலாக்கினேன்.

சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ கணக்குப்படி தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு தெம்பே, பாதி காய்கறி. இரவில் சோற்றுக்குப் பதில் பச்சைப்பயறுச் சுண்டல்.

வெள்ளி இரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்ட அன்று, விடியுமுன்பே அம்மா சுண்டல் சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டார். தண்ணீர்மலைக் கோயிலின் 500க்கும் மேற்பட்ட படிகளை இந்த முறை ஏறவில்லை, அடிவாரத்திலேயே கும்பிட்டார். கைப்பையில் ஒரு டப்பா சுண்டல் இருந்தது. பக்கத்தில் களைத்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிக்கும் அதில் பாதியைக் கொடுத்தார்.

விரதம் இருக்கப்போகும் உங்கள் அம்மா, அப்பாவிடம் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர்களிடமே ஒரு வழி இருக்கலாம்.