ஜன்னலோரம் சால்மன்!

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிலிருந்து கொலம்பியா நதியோரமாகக் கிழக்கே சுமார் 40 மைல் போனால், பானவில் அணை. சுற்றுலாப் பயணிகள் மொய்ப்பது ஒரு கண்ணாடி ஜன்னலை. அந்தப் பக்கம் பச்சைத் தண்ணீரில் சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போடுகின்றன. செப்டம்பரில் போனால் நல்ல கூட்டம்... மீன்களைத்தான் சொல்கிறோம்!

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த இடத்துக்கே திரும்புவது சால்மனின் குணம். குறுக்கே அணை நின்றால்? அதற்குத்தான் இந்த மீன் படிக்கட்டு. படிப்படியாகத் தொட்டிகள், மேலிருந்து வழியும் தண்ணீர். அந்த ஓட்டத்தை உணர்ந்து மீன்கள் நுழைகின்றன. தடுப்பைத் தாவியோ, அடியிலுள்ள துளையில் நுழைந்தோ ஒவ்வொரு தொட்டியாக ஏறுகின்றன. களைத்தால் அங்கேயே ஓய்வு. கடந்துபோகும் மீன்களை 1938 முதல் எண்ணிவருகிறார்கள்.

ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கிராண்ட் கூலி அணைக்குப் படிக்கட்டே இல்லை. உயரம் 550 அடி. 1940 ஜூனில், மூழ்கவிருந்த கெட்டில் அருவியில் பழங்குடி மக்கள் கூடி, மூன்று நாள் கண்ணீர்ச் சடங்கு நடத்தினார்கள். இனி சால்மன் வராதே!

2019-ல் கோல்வில் பழங்குடியினர் சால்மன்களை லாரியில் கொண்டுவந்து, அந்த அணைக்கு மேலே தண்ணீரில் விட்டார்கள்.