கப்பலில் முதற்பந்தி

மும்பையில் உல்லாசக் கப்பலேறிக் கோவா செல்ல விரும்பும் அன்பர்கள், உணவு ஏற்பாட்டை முதலிலேயே கவனித்தல் நலம். குழந்தைகள் கடலைக் காண மேல்தளத்துக்கு ஓடினர். நாங்கள் உணவுக்கூட மேற்பார்வையாளரைத் தேடிச் சென்றோம். பெருங்கூடத்து உணவு பயணக் கட்டணத்திலேயே அடங்கும். ஆயினும் அத்தனை பேரும் ஒருங்கே அமர இடமேது? எனவே இரவுணவு இரு பந்திகளாக நடைபெறுகிறது. எங்களுடன் வந்த பாட்டியாரோ எட்டு மணிக்குள் உண்டு மருந்து உட்கொள்பவர். முதற்பந்தியில் எழுவருக்கும் ஒரே மேசை கேட்டுப் பெற்றோம். சைவ உணவு வேண்டுமென்பதைச் சீட்டு வாங்கும்போதே தெரிவித்திருந்தோம்.

தனிக் கட்டண உணவகமும் உண்டு. இது புதுமையன்று, 1905இலேயே 'அமெரிகா' என்னும் ஜெர்மானியக் கப்பலில் ரிட்ஸ் பெயரால் அத்தகையதொன்று நடந்தது. ஓரிரவு அங்கு இடம் கேட்டோம், நிரம்பிவிட்டதாம். எங்கள் பணப்பைக்கு அது நல்லதே! பாட்டியார் பெருங்கூடத்திலேயே இரண்டாம் முறையும் தயிர்சாதம் கேட்டு வாங்கி உண்டார்.