ரெஜீனாவா, ரேகீனாவா?

வீட்டிலேயே பிள்ளைக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்க உட்காரும் யாருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும். சிசரோவா, சிச்செரோவா, கிக்கெரோவா? முதலாவது ஆங்கிலேயர் பழக்கம். இரண்டாவது கோவில் உச்சரிப்பு. மூன்றாவது, சிசரோ தன் பெயரைத் தானே சொல்லியிருக்கக்கூடிய விதம்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று மகள் கேட்டாள். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் அவர் பெயரைக் ககர ஒலிக்கான எழுத்தில்தான் எழுதினார்கள். ஜெர்மானியர் கடன் வாங்கிய 'கைசர்' இன்றுவரை கைசராகவே இருக்கிறது. பிறகு இத்தாலியில் மக்கள் வாயில் மொழி மாறியது. இ, எ ஒலிகளுக்கு முன்னால் வந்த ககரம் சகரமாக இளகியது. எராஸ்மஸ் 1528-லேயே பழைய உச்சரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதிவிட்டார். திருச்சபையோ ரோமில் வழங்கிய உச்சரிப்பைத்தான் பிடித்துக்கொண்டது; 1912-இல் பத்தாம் பத்திநாதர் அதையே பரிந்துரைத்துக் கடிதம் எழுதினார்.

எங்கள் பாடப்புத்தகம் பழைய உச்சரிப்பைச் சொல்கிறது. எனக்கும் அதுதான் வசதி. லத்தீனில் குறில் நெடில் மாறினால் பொருளே மாறிவிடும். 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள். 'பொப்புலுஸ்' மக்கள், 'போப்புலுஸ்' ஒரு மரம். இங்கிலாந்துப் பிள்ளைகள் எழுத்தின் மேல் கோடு போட்டு மனப்பாடம் செய்வதை, கல்லுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளை காதாலேயே பிடித்துக்கொள்கிறது.

சிக்கல் தூத்துக்குடியிலிருந்து வந்தது. என் அம்மா சிறுமியாக இருந்தபோது பூசை லத்தீனில்தான். அறுபதுகளில் தமிழுக்கு மாறிய பிறகும் அந்தப் பாட்டுகள் அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. பேத்தி லத்தீன் படிக்கிறாள் என்றதும் வீடியோ காலில் 'ரெஜீனா சேலி' பாடிக் காட்டினார்.

"ஆச்சி, அது ரெஜீனா இல்ல, ரேகீனா. சேலி இல்ல, கைலீ."

"எங்க சாமியார் இப்படித்தானம்மா சொல்லித் தந்தாரு" என்றார் அம்மா. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவர் பாடவில்லை.

மகள் சொன்னது பிழையில்லை. ஆனால் அவளுடைய 'சரி' கி.மு. முதல் நூற்றாண்டு ரோமாபுரிக்குச் சேர்ந்தது. அம்மா பாடியது எத்தனையோ நூற்றாண்டுகளாகப் பாடப்பட்டுத் தூத்துக்குடிக் கடற்கரைவரை வந்து சேர்ந்த லத்தீன். சீசரின் வாயில் அது வேறு மாதிரி ஒலித்திருக்கும் என்பதால் அம்மாவுடையது கொச்சையாகிவிடாது. செத்த மொழி என்கிறோம். அதைப் பேசிக் கேட்ட ஒரே ஆள் எங்கள் வீட்டில் அம்மாதான்.

இப்போது மகளின் நோட்டில் இரண்டு பத்தி. ஒன்றில் 'சீசர் காலம்', இன்னொன்றில் 'ஆச்சி'. இரண்டாவது பத்தியை நிரப்ப அவள்தான் ஞாயிற்றுக்கிழமை போன் போடுகிறாள். நெடில் குறில் எதுவும் பார்க்காமல் அம்மா சொல்லச் சொல்ல, தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்கிறாள்.